மாடுகளின் மூச்சிரைப்பும் இரத்தத்தின் கார அமில நிலையும்

சித்திரை பிறந்து அக்கினி நட்சத்திரம் நெருங்குங் காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சீமையில் காவிரி வெறும் மணலாய்க் கிடப்பதும், வாய்க்கால்கள் வறண்டு போவதும், நடுப்பகலில் மரத்தடி மாடுகள் நாவைத் தொங்கவிட்டு இரைப்பதும் யாவரும் ஆண்டுதோறும் காண்பவையே. 2024ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் கடலோரமல்லாத ஜில்லாக்களில் உஷ்ணம் பல நாட்கள் 40 பாகை செல்சியஸுக்கு மேற்பட்டதும், அவ்வாண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதியில் திறக்கப்படாமற் போனதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அத்தகைய கோடையில் கறவை மாடு வைத்திருப்போர் அடைந்த நஷ்டத்தில் ஒரு பகுதி வெயிலால் வந்தது. மற்றொரு பகுதி, வெயிலால் இரைக்கும் மாட்டையும் வேறு காரணத்தால் இரைக்கும் மாட்டையும் பகுத்தறியாமல் ஒரே சிகிச்சை செய்ததால் வரக்கூடியது. இப்பிற்பகுதியைத் தவிர்ப்பது குடியானவர் கையில் உள்ளதாகையால், அதனைப் பற்றியே இங்கு எழுதப்படுகிறது.

"மாடு இரைக்கிறது" என்னும் ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றில் இரத்தம் அளவுக்கு மிஞ்சிக் காரமாகிறது. மற்ற இரண்டில் இரத்தம் அமிலப்படுகிறது. அவ்விரண்டும் தம்முள் வேறானவை. வெளியே தெரியும் குறியோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே.

காரம், அமிலம் என்னும் சொற்கள் நம் விவசாயிகளுக்குப் புதியவையல்ல. மண் பரிசோதனைச் சீட்டில் பி.எச். என்று ஓர் எண் குறிக்கப்படுகிறது. அவ்வெண் 7 ஆனால் நடுநிலை, அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். 8.5க்கு மேற்பட்டால் களர் நிலமென்று சொல்லி ஜிப்சம் இடுகிறோம். திருச்சியை அடுத்த நாவலூர் குட்டப்பட்டில் உள்ள வேளாண்மைக் கல்லூரி இத்தகைய களர் நிலத்தின் நடுவிலேயே அமைந்திருப்பதும், களரைத் தாங்கும் திருச்சி 1 முதலிய நெல் வகைகள் அங்கிருந்து வந்தமையும் இப்பக்கத்தார் அறிந்ததே. மண்ணில் இவ்வெண் ஐந்திலிருந்து ஒன்பது வரை சென்றாலும் ஏதோ ஒரு பயிர் பிழைத்துக் கிடக்கும். இரத்தத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆரோக்கியமான பசுவின் இரத்தம் 7.4ஐ ஒட்டியே நிற்க வேண்டும். அதிலிருந்து ஓர் எண்ணில் பத்திலொரு பங்கு நகர்ந்தாலே உடம்பு தடுமாறத் தொடங்கும்; ஏழுக்குக் கீழோ 7.8க்கு மேலோ சென்றால் பிராணி உயிர்தரிப்பது அரிது.

இவ்வளவு குறுகிய வரப்புக்குள் இரத்தத்தை நிறுத்தி வைப்பவை முக்கியமாக மூச்சும் மூத்திரக்காயும் ஆகும். உடம்பில் உணவு எரிவதால் உண்டாகும் கரியமில வாயு இரத்தத்தில் கரைந்து மெல்லிய அமிலமாக நிற்கிறது. சுவாசப்பை அதை வெளியே தள்ளுகிறது. மூச்சு மிகுந்தால் வாயு அதிகமாக வெளியேறி இரத்தம் காரமாகும். மூச்சு தடைப்பட்டால் வாயு தேங்கி இரத்தம் அமிலமாகும். மூச்சின் வேகத்தை நிர்ணயிப்பதில் பிராணவாயுவைக் காட்டிலும் கரியமில வாயுவே பிரதானமென்பதை ஹால்டேன், பிரீஸ்ட்லி என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் 1905ஆம் ஆண்டில் தெளிவாக்கினர். ஈர விறகை மூட்டுவதற்கு ஊதுகுழலைக் கொண்டு இடைவிடாமல் ஊதும் பெண்கள் சிறிது நேரத்தில் தலை கிறுகிறுக்கிறதென்றும், விரல் நுனி மரத்துப் போகிறதென்றும் சொல்லக் கேட்டிருக்கலாம். புகையைப் பழி சொல்வது வழக்கம்; புகை இல்லாவிடினும் அது வரும். கரியமில வாயு அளவுக்கு மிஞ்சி வெளியே போய், இரத்தம் சற்றுக் காரமானதன் அடையாளமே அது. நடுப்பகலில் இரைக்கும் மாட்டுக்கும் இதுவே மணிக்கணக்காக நேருகிறது.

வெயிலால் வரும் இரைப்பு

மாடு வியர்க்கும், ஆனால் நம்மைப்போல் தாராளமாக வியர்ப்பதில்லை. எனவே உஷ்ணம் மிகும்போது மூச்சை வேகமாக விட்டு, மூக்கு, வாய் முதலியவற்றின் ஈரத்தை ஆவியாக்கி உடம்பைக் குளிர்விக்க முயலுகிறது. இளைப்பாறி நிற்கும் வளர்ந்த மாடு குளிர்ந்த வேளையில் நிமிஷத்துக்கு 15 முதல் 35 தடவை மூச்சு விடும். அறுபதைத் தாண்டினால் உஷ்ணம் அதனை வருத்துகிறதென்று கொள்ளலாம். தொண்ணூறுக்கு மேற்பட்டால் வாயில் எச்சில் ஒழுகத் தொடங்கும். 120க்கு மேல் வாய் திறந்தபடியே இருக்கும். அதற்கு அப்பால் நாக்கு வெளியே தொங்கும், கழுத்து நீளும். இந்தக் கடைசிக் கட்டத்தில் மூச்சின் எண்ணிக்கை சில வேளைகளில் திடீரெனக் குறைந்து, ஒவ்வொரு மூச்சும் ஆழமாகும். எண்ணிக்கை குறைந்ததைக் கண்டு மாடு தெளிந்துவிட்டதென எண்ணுவோர் உண்டு. அதுவே மிகவும் அபாயமான வேளை. தலை தாழ்ந்து, கண் ஒளி மங்கி, தசை நடுங்கி, நடை தள்ளாடினால் மாடு தன் முயற்சியில் தோற்றுவிட்டதென்று அறிய வேண்டும்.

இவ்விரைப்பைக் கண்டுகொள்ளச் சில நயமான வழிகள் உள. தொழுவத்திலுள்ள மாடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இரைத்தால் காரணம் வெயில். மற்றவை அமைதியாய் அசைபோட, ஒன்று மாத்திரம் இரைத்தால் அது நோய். இதிலும் கலப்பினப் பசு முந்திக்கொள்ளும் என்பதை மறக்கலாகாது. மணப்பாறைச் சந்தையில் வாங்கிய உழவு மாடோ, கீழ்த் தஞ்சையின் உம்பளச்சேரி மாடோ அமைதியாக நிற்கும் வெயிலில் ஜெர்சி கலப்புப் பசு இரைப்பது இயல்பு. அதிகப் பால் தரும் மாடு அதிகத் தீனியை எரிக்கிறது. ஆகையால் அதனுடம்பில் உஷ்ணமும் அதிகம்.

ஸ்ரீரங்கம் தீவிலுள்ள குடியானவர்களுக்கு ஒரு வார்த்தை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், வாழைத் தோட்டங்கள் சூழ, நிழலில் மாடு கட்டியிருப்பதால் வெயிலின் தொல்லை தமக்கில்லை என்று அவர்கள் எண்ணலாம். நிழல் நல்லதே. ஆயினும் மாட்டை வருத்துவது உஷ்ணமும் ஈரமும் சேர்ந்த கூட்டு. இரண்டையும் சேர்த்துக் கணக்கிடும் குறியீடு ஒன்று உண்டு; அது 72ஐத் தாண்டினால் நல்ல கறவைப் பசுவுக்கு வருத்தம் தொடங்குகிறதெனக் கொள்வர். காற்றில் 25 விழுக்காடே ஈரமுள்ள மேட்டு நிலத்தில் 38 பாகை உஷ்ணமெனில் அக்குறியீடு 83 அளவில் நிற்கும். 80 விழுக்காடு ஈரத்துடன் காற்றோட்டமற்ற தோட்டத்தில் 32 பாகையே ஆனாலும் அது 86ஐ எட்டும். எனவே வாழைத் தோப்பின் உள்ளே நாற்புறமும் கீற்று மறைத்த கொட்டிலைவிட, கூரை மாத்திரம் உயர்ந்து பக்கங்கள் திறந்த கொட்டில் எவ்வளவோ மேல்.

இரைக்கும் மாட்டின்மேல் தண்ணீர் ஊற்றினால் மட்டும் போதாது. ஊற்றிய நீரைக் காற்று கொண்டுபோக வேண்டும். அடைத்த கொட்டிலில் நீர் தெளித்தால் ஈரம் மிகுந்து இரைப்பு அதிகப்படும். மாட்டைக் காற்றோட்டமான நிழலுக்கு நடத்தி, தலை முதல் உடம்பு முழுதும் நனைத்து, மின்விசிறி இருப்பின் அதையும் போட்டு, தொட்டியில் குளிர்ந்த நீரை முன்வைக்க வேண்டும். தொட்டி வெயிலில் இருந்தால் மாடு தாகம் தீரக் குடிக்காது. தீனியை விடியற்காலையிலும் மாலை மங்கிய பின்னுமாக மாற்றிக்கொள்வது நலம். வைக்கோல் பெருவயிற்றில் செரிக்கும்போதே உஷ்ணம் பிறக்கிறதாகையால், நண்பகலுக்கு முன் வைக்கோலைப் போடுவது அடுப்பில் விறகு சேர்ப்பதாகும்.

பால் குறைவதேன்?

இரத்தம் காரமானதும் மூத்திரக்காய் சும்மா இருப்பதில்லை. மிகுந்த காரத்தை, அதாவது சோடா உப்பை ஒத்த பொருளை, மூத்திரத்தில் வெளியேற்றிச் சமன் செய்ய முயலுகிறது. இது நல்லதாகவே தோன்றும். ஆனால் இரவு வந்து உஷ்ணம் தணிந்து மூச்சு அடங்கும்போது, கரியமில வாயு மீண்டும் சேர்கிறது. அதைத் தாங்குதற்கு வேண்டிய கார இருப்போ கரைந்துபோயிற்று. பகலில் காரப் பக்கமும் இரவில் அமிலப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து பசு இளைக்கிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பசு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேற்பட எச்சில் சுரக்கிறது. அதிலுள்ள சோடா உப்பே பெருவயிற்றின் புளிப்பை அடக்குகிறது. இரைக்கும் மாடு அந்த எச்சிலைத் தரையில் ஒழுகவிடுகிறது. அசைபோடுவதையும் குறைக்கிறது, வைக்கோலை ஒதுக்கிவிட்டுத் தவிடு பிண்ணாக்கை மட்டும் தேடித் தின்கிறது. பெருவயிறு புளித்துப் பாலில் கொழுப்புச் சத்து குறைகிறது. சங்கத்தில் பாலின் விலை கொழுப்பை ஒட்டியே நிர்ணயமாகிறபடியால், குடியானவர் பாலும் குறைந்து விலையும் குறைந்து, போதாதற்குத் தண்ணீர் கலந்தாரென்ற ஐயத்துக்கும் ஆளாகிறார். கோடையில் கொழுப்பு குறைந்ததென்ற ஒன்றைக் கொண்டே எவரையும் ஐயுறுதல் நியாயமன்று. சங்கக் காரியதரிசிகளும் கிராம அதிகாரிகளும் அம்மாட்டின் நடுப்பகல் மூச்சு எண்ணிக்கையையும் ஒருமுறை கேட்டறிவது தகும்.

இதற்காகவே கோடையில் கறவைப் பசுவுக்குத் தீவனத்தோடு சமையல் சோடாவும் உப்பும் சேர்க்கும்படி கால்நடை மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். இரத்தம் ஏற்கெனவே காரமாயிருக்க, மேலும் காரத்தைக் கொடுப்பானேன் என்று கேட்பது நியாயமான கேள்வி. சோடா முதலில் வேலை செய்யுமிடம் பெருவயிறு. அங்குள்ள புளிப்பைத் தணிக்கிறது. பிறகு மூத்திரத்தில் போன இருப்பை நிரப்புகிறது. ஆகையால் அதைக் கொடுக்கும் வேளை மாலைத் தீனி. வாய் திறந்து இரைக்கும் நண்பகல் அன்று. கலப்பினக் கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 கிராம் வரை அடர்தீவனத்தில் கலந்து வைக்கலாம். மாட்டின் பாலளவுக்கும் தீனிக்கும் ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது உத்தமம்.

சோறு தின்ற மாட்டின் இரைப்பு

இரண்டாவது வகைக்கு வெயில் வேண்டுவதில்லை. கலியாண வீட்டில் மிஞ்சிய சோற்றையும், விருந்துக் கஞ்சியையும், பொங்கலன்று மிகுந்ததையும் மாட்டுக்கு வைப்பது நம் நாட்டில் புண்ணியமென்று கருதப்படுகிறது. பழக்கமில்லாத பசு ஒரு கூடைச் சோற்றை ஒரே வேளையில் தின்றால், சில மணி நேரத்துக்குள் பெருவயிற்றில் அது வேகமாகப் புளித்து, அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. அரிசி, மக்காச்சோளம், மாவு முதலியவற்றை அவிழ்த்துத் தின்றுவிட்டாலும் அப்படியே. அமிலப்பட்ட இரத்தத்தைச் சமன் செய்யவே அம்மாடு மூச்சை வேகப்படுத்தி, கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது. வெயில் இரைப்பில் மூச்சு காரணம், இரத்தம் கெடுவது காரியம். இங்கே இரத்தம் கெட்டது காரணம், மூச்சு அதற்கான பரிகாரம்.

அடையாளம் கடினமன்று. விடியற்காலைக் குளிரிலும் இரைக்கும். அசைபோடாது. சாணம் இளகிப் புளித்த நாற்றமடிக்கும், பிறகு நீராய்ப் போகும். இடது வயிற்றைக் கையால் தள்ளினால் உள்ளே நீர் குலுங்குவதுபோல் தோன்றும். கண் குழி விழும். நோய் முற்றினால் மாடு தள்ளாடிப் படுத்துவிடும். உடம்பு சூடாயிராமல் காது நுனியும் காலும் குளிர்ந்திருக்கும். இதைக் கோடை மயக்கமென்று எண்ணித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் மாட்டை இழக்க நேரிடும். தீனித் தொட்டியை அப்புறப்படுத்தி, வைக்கோல் மாத்திரம் முன்வைத்து, உடனே மருத்துவரை வரவழைக்க வேண்டும். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாமென்பது இந்நோயில் செல்லாது.

மூச்சு அடைபட்ட மாடு

மூன்றாவது வகையில் காற்றே உள்ளே செல்ல வழியில்லை; கரியமில வாயு வெளியே போகவும் வழியில்லை. நுரையீரல் சளி, மழைக்காலத்தில் வரும் தொண்டை அடைப்பான், இடது வயிறு மத்தளம்போல் உப்பி மார்பை அழுத்தும் உப்புசம் ஆகியவை இதில் சேர்ந்தவை. இங்கே எண்ணிக்கையைக் காட்டிலும் பிரயாசையே குறி. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்வாங்கும், மூக்குத் துவாரம் விரியும், முழங்கைகள் வெளிப்புறம் விலகி நிற்கும், மூச்சில் உறுமலோ குறட்டையோ கேட்கும். ஈறும் கண்ணின் உட்சவ்வும் இளஞ்சிவப்பு மாறி நீலம் பாயும். வாயு தேங்கத் தேங்க மாடு மந்தமாகி உறங்குவதுபோல் நிற்கும்.

இவ்விடத்தில் ஒரு பெரும் பிழையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. வெயிலால் இரைக்கும் மாட்டைக் கண்டவுடன், யாரோ சொன்ன கஷாயத்தையோ எண்ணெயையோ மூங்கில் குழாயில் எடுத்து, மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை மேலே தூக்கி, நாக்கை இழுத்து வாயில் ஊற்றுகிறார்கள். நிமிஷத்துக்கு நூறு தடவை மூச்சிழுக்கும் பிராணி விழுங்குதற்கு இடையெங்கே காண்பது? ஊற்றிய மருந்து மூச்சுக் குழலில் இறங்கிவிடுகிறது. மாலைக்குள் நிழலும் நீரும் கொண்டே தேறியிருக்க வேண்டிய மாடு, இரண்டொரு நாளில் நுரையீரல் சளி கண்டு மூன்றாவது வகையைச் சேர்கிறது. காரப் பக்கம் சாய்ந்திருந்த இரத்தம் இப்போது அமிலப் பக்கம் விழுகிறது. இத்தடவை நிழல் அதைக் காப்பாற்றாது. இரைக்கும் மாட்டின் வாயில் எதையும் ஊற்றலாகாது. இதனை அண்டை வீட்டாருக்கும் சொல்ல வேண்டும். ஏனெனில் குழாயை எடுத்துக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் அண்டை வீட்டுப் பெரியவரே, நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்.

தொண்டை அடைப்பானுக்குத் தடுப்பூசி உண்டு. மழைக்கு முன்னரே போட்டுக்கொள்வதற்குக் கிராம அதிகாரிகள் ஏற்பாடு செய்யலாம். கழுத்தின் அடியில் வீக்கத்தோடும் கடுங் காய்ச்சலோடும் மூச்சுத் திணறினால் அது மணிக்கணக்கில் கொல்லும் நோயென்று அறிக.

எண்ணும் விதம்

மாட்டின் பின்புறம் சற்று ஒதுங்கி நின்று, விலாவுக்குப் பின்னுள்ள குழிவு ஏறி இறங்குவதைக் கவனிக்க வேண்டும். ஓர் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து ஒரு மூச்சு. அரை நிமிஷம் எண்ணி இரட்டித்தால் போதும். விரட்டிப் பிடித்துக் கட்டியவுடன் எண்ணினால் கணக்குத் தவறும். பகல் இரண்டு மணிக்கு ஒருமுறையும் விடியற்காலை நான்கைந்து மணிக்கு ஒருமுறையும் எண்ண வேண்டும். விடியற்காலை எண்ணிக்கையே உண்மையைச் சொல்லும். பகலில் தொண்ணூறாயிருந்து விடியலில் முப்பதானால் வெயில்தான் காரணம், மாடு இரவில் தேறிக்கொள்ளுகிறது. விடியலிலும் அறுபதுக்குக் குறையவில்லையென்றால், ஒன்று கொட்டில் இரவிலும் புழுங்குகிறது, அல்லது மாட்டுக்கு வேறு நோய் இருக்கிறது. வெப்பமானி வைத்திருப்போர் ஆசனவாயில் வைத்துப் பார்க்கலாம். 101 முதல் 102.5 பாகை பாரன்ஹீட் இயல்பு. வெயில் இரைப்பில் 105ஐ எட்டினால் தாமதியாமல் நீரூற்ற வேண்டும். காய்ச்சலும் இதே எண்ணைக் காட்டுமாதலால், மற்ற மாடுகளோடு ஒப்பிடாமல் முடிவு செய்யலாகாது.

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் பசுவைவிட மிகக் குறைவு, தோலோ கறுப்பு. குட்டையில் புரளுவதே அதற்குச் சுவாசத்தைக் காக்கும் மருந்து. முக்கொம்புக்குக் கீழே ஆற்றில் நீர் வரும் காலத்தில் கவலையில்லை. வராத மாதங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு பகலில் இரண்டு மூன்று தடவை நனைத்தே ஆக வேண்டும்.

கோழி வளர்ப்போர் இவ்விஷயத்தை வேறொரு வழியாக அறிந்திருக்கிறார்கள். கோழிக்கு வியர்வையே கிடையாது. இரைப்பு ஒன்றே அதற்குக் கதி. முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சுண்ணாம்பும் கரியமில வாயுவும் சேர்ந்த பொருள். இரைக்கும் கோழி அவ்வாயுவை வெளியே விட்டுவிடுவதால் ஓட்டுக்கு வேண்டிய சரக்கு குறைந்து, தோல் முட்டையும் மெல்லோட்டு முட்டையும் இடுகிறது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளிலும் நம் வீட்டுக் கூண்டிலும் கோடையில் முட்டை உடைந்துபோவதன் இரகசியம் இதுவே. கோழிக்குச் சோடாக் கடை நீரைப் போன்ற வாயு கலந்த நீரைக் கொடுத்து ஓடு தடிப்பதைச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். நம் கூண்டுகளுக்கு அது கட்டாத செலவு. ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறபடியால், கிளிஞ்சல் துண்டுகளை மாலையில் வைப்பதும், குடிநீரை நிழலில் வைத்து அடிக்கடி மாற்றுவதும் செலவில்லாத வழிகள்.

கால்நடை மருத்துவ ஊர்தியை அழைப்பதற்கு 1962 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது. அழைப்பவர் "மாடு இரைக்கிறது" என்று மாத்திரம் சொல்லாமல், பகலில் எத்தனை மூச்சு, விடியலில் எத்தனை, வெப்பமானியில் என்ன, நேற்று என்ன தின்றது, வாயில் யாராவது எதையேனும் ஊற்றினார்களா என்னும் ஐந்தையும் சொன்னால், மருத்துவர் புறப்படும்போதே எந்த மருந்தை எடுத்துவர வேண்டுமென்று தீர்மானித்துக்கொள்வார்.